ஆளில்லாமல் எரிந்த விளக்கு: ஒரு பிஐஆர் சென்சார் நிகழ்வு ஆய்வு

"நான் வந்தா எரிய மாட்டேங்குது. யாருமே இல்லாதப்ப எரியுது. இதை வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது?"

அப்பா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, தலையணைக்கு அடியில் டார்ச்சை எடுத்து வைத்துக்கொண்டார். அவருக்காகவே செய்த விளக்கை நம்புவதை அன்றோடு நிறுத்திவிட்டார் என்பது அதிலேயே புரிந்தது.

அவருக்கு 78 வயது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து கழிவறைக்குப் போவார். படுக்கையறை வாசலிலிருந்து கழிவறைக் கதவுவரை ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒடுக்கமான நடைவழி. சுவிட்ச் இருப்பது அந்தக் கடைசியில். இருட்டில் ஒரு நாள் கால் இடறிச் சுவரைப் பிடித்து நின்றார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அந்த வாரமே நடைவழிக்குத் தானாக எரியும் விளக்கு ஒன்றைச் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

கையில் இருந்த பொருள்களை வைத்தே செய்தேன். ஆளைக் கண்டுபிடிக்க எச்சி-எஸ்ஆர்501 என்ற பிஐஆர் மாட்யூல், அதாவது உடம்பு வீசும் வெப்பத்தை வைத்து அசைவை உணரும் சென்சார். மின்னணுப் பொழுதுபோக்கில் இறங்கிய எவருடைய பெட்டியிலும் ஒன்றிரண்டு கிடக்கும், வெள்ளைக் குமிழ் வைத்த பச்சை போர்டு அது. மூளைக்கு, வைஃபை வசதியுள்ள சின்னக் கட்டுப்பாட்டு போர்டான ஈஎஸ்பி8266. வெளிச்சத்துக்கு 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், அதை அணைத்து எரிக்க ஒரு மாஸ்ஃபெட். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 5 வோல்ட் எடுக்க ஒரு பக் கன்வர்ட்டர். சும்மா இருக்கட்டுமே என்று டிஎச்டி22 வெப்பநிலை சென்சாரையும் சேர்த்தேன். ஈஎஸ்பி போர்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் வைஃபை ரேடியோவை எழுப்பி, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் வீட்டுக் கணினிக்கு வைஃபையில் அனுப்பிவிட்டு மறுபடி ரேடியோவை அணைத்துவிடும். அசைவைக் கண்டால் பிஐஆரின் வெளியீட்டு மின்னழுத்தம் ஏறும், அதுதான் 'ஹை'; இறங்கினால் 'லோ'. பிஐஆர் 'ஹை' கொடுத்தால் விளக்கு 60 விநாடி எரியும். அவ்வளவுதான் புரோகிராம்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி, கழிவறைக் கதவுக்கு மேலே படுக்கையறையைப் பார்த்தபடி மாட்டினேன். பகலில் நடந்து பார்த்தபோது அருமையாக வேலை செய்தது. ராத்திரிதான் கதை மாறியது.

முதலில் செய்த தப்புகள்

இரண்டு புகார்கள். ஆள் வந்தால் எரியவில்லை, ஆள் வராமல் எரிகிறது. இரண்டும் உணர்திறனைப் பற்றியவை என்று முடிவு கட்டி, போர்டிலுள்ள திருகைத் திருப்ப ஆரம்பித்தேன். அந்த மாட்யூலில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று தூரத்துக்கு, ஏறக்குறைய 3 முதல் 7 மீட்டர் வரை. மற்றது வெளியீடு எவ்வளவு நேரம் 'ஹை'யில் நிற்க வேண்டும் என்பதற்கு, சில விநாடியிலிருந்து ஐந்து நிமிடம் வரை. தூரத்தைக் கூட்டினால் அப்பா வருவது கொஞ்சம் நன்றாகத் தெரிந்தது, வெற்று எரிதலும் கூடவே ஏறியது. குறைத்தால் இரண்டும் சேர்ந்து இறங்கின. ஒரு வாரம் இப்படியே போனது.

அடுத்து புரோகிராமில் கை வைத்தேன். பத்து விநாடிக்குள் இரண்டு முறை 'ஹை' வந்தால்தான் விளக்கு எரியும் என்று எழுதினேன். வெற்று எரிதல் பாதியாகக் குறைந்தது. ஆனால் அப்பா நடைவழியில் பாதி தூரம் இருட்டிலேயே நடக்க வேண்டியதாயிற்று. யாருக்காக விளக்கு வைத்தோமோ அவரைக் காக்க வைத்து, காரணம் தெரியாத ஒரு கோளாறை மூடி மறைத்திருக்கிறேன். இது எனக்குப் பிடிக்கவே இல்லை. சரி, முதலிலிருந்து பார்ப்போம் என்று பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

குமிழுக்குள் நடப்பது

இந்த ஆய்வில் பிறகு வருவது எல்லாம் இதில்தான் தொங்குகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிஐஆர் சென்சார் எதையும் அனுப்புவதில்லை, வருகிற அகச்சிவப்பை வாங்கிக்கொள்ள மட்டும் செய்கிறது. நம் தோலின் வெப்பநிலை 34 டிகிரி செல்சியஸ் சுமார். அந்த வெப்பத்தில் இருக்கும் பொருள் மிக அதிகமாக வீசும் அகச்சிவப்பின் அலைநீளம் 9.4 மைக்ரோமீட்டர் அளவில் வரும். சென்சாரின் சிறிய ஜன்னல் ஏறக்குறைய 5 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி. உள்ளே பைரோஎலெக்ட்ரிக் பொருளால் ஆன இரண்டு சிறு சில்லுகள், ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர். பைரோஎலெக்ட்ரிக் என்ற பெயரை டேவிட் புரூஸ்டர் 1824-ல் வைத்தார். சூடு மாறும்போது சில படிகங்களின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. 'மாறும்போது' என்ற சொல்லை இங்கே விட்டுவிடக் கூடாது. சூடாகவே நிலைத்து நின்றால் சில்லு ஒன்றும் சொல்லாது.

இரண்டு சில்லுகளும் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கின்றன. அறை மொத்தமும் மெல்லச் சூடானால் இரண்டும் சமமாகச் சூடாகும், ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். குறுக்கே ஆள் போனால் அவருடைய வெப்பம் முதலில் ஒரு சில்லில் விழும், அப்புறம் மற்றதில் விழும். மின்னழுத்தம் ஒருமுறை மேலே போய் ஒருமுறை கீழே வரும். வெள்ளைக் குமிழ் வெறும் மூடி என்று நினைப்பவர்கள் நிறைய. அது பாலிஎத்திலீனில் வார்த்த ஃபிரெனெல் லென்ஸ்களின் கூட்டம். அறையைப் பல விசிறிக் கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கீற்றையும் சில்லுகள்மேல் கொண்டுவந்து குவிக்கிறது. கீற்றுக்குக் கீற்று தாண்டித் தாண்டி நடக்கும்போதுதான் நல்ல அலை கிடைக்கும்.

இங்கே ஒரு சின்னச் சோதனையைச் செய்து பாருங்கள், மறக்கவே மாட்டீர்கள். குமிழுக்கு முன்னால் கண்ணாடித் தகடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கு எதிரே கையை ஆட்டுங்கள். உங்களுக்குக் கை தெரியும், சென்சாருக்குத் தெரியாது. கண்ணாடியை எடுத்துவிட்டு மெல்லிய கறுப்பு பாலித்தீன் பையைப் பிடியுங்கள். இப்போது உங்களுக்குக் கை தெரியாது, சென்சார் துள்ளிக்கொண்டு 'ஹை' கொடுக்கும். நான் முதலில் செய்த பெட்டிக்கு அழகுக்காகத் தெளிவான அக்ரிலிக் மூடி போட்டிருந்தேன். சென்சார் செத்துவிட்டது என்று நினைத்து மாட்யூலை மாற்றப் போனேன். மூடியை எடுத்ததும் சரியாகிவிட்டது.

சில்லுகள் தரும் சமிக்ஞை மிகச் சிறியது, மில்லிவோல்ட் கணக்கு. அதைப் பின்னால் இருக்கும் பிஐஎஸ்எஸ்0001 சிப் இரண்டு கட்டங்களில் ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்குகிறது. பெருக்கிய அலை, சிப்பின் மின்னழுத்தத்தில் 0.3 பங்குக்குக் கீழேயோ 0.7 பங்குக்கு மேலேயோ போனால் 'ஆள் வந்தாச்சு' என்று முடிவு. சிப் 3.3 வோல்ட்டில் ஓடுவதால், நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 0.66 வோல்ட் விலகினால் போதும்.

ஆக, இந்த மாட்யூலுக்கு ஆளைத் தெரியாது. பெருக்கப்பட்ட ஒரு மின்னழுத்தம் நடுக்கோட்டை விட்டு விலகியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த விலகல் லென்ஸ் வழியாக வெப்பமாகவும் வரலாம், கம்பி வழியாக மின் இரைச்சலாகவும் வரலாம். ஒவ்வொரு வெற்று எரிதலும் இந்த இரண்டில் எந்த வாசல் வழியாக வந்தது என்பதுதான் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. திருகு இரண்டு வாசலையும் சேர்த்தே திறக்கும், சேர்த்தே மூடும்.

பதிவேடு

நினைவை நம்பாமல் பதிவு எடுக்கத் தொடங்கினேன். பிஐஆர் எப்போது 'ஹை' ஆனது, விளக்கு எப்போது அணைந்தது, ரேடியோ எப்போது எழுந்தது என்று மூன்றுக்கும் நேரம் குறித்தேன். அப்பா உண்மையில் எப்போது வந்தார் என்று தெரிய, கழிவறைக் கதவில் ஒரு ரீட் சுவிட்சையும் (காந்தம் கிட்டே வந்தால் இயங்கும் சுவிட்ச்) காந்தத்தையும் ஒட்டினேன்.

முதல் இரவு பதிவை வைஃபையிலேயே அனுப்பினேன். காலையில் பார்த்தால் நூற்றுக்கணக்கில் வரிகள். ஒரு 'ஹை' வந்ததும் அதை அனுப்ப ரேடியோ எழுகிறது, எழுந்த அடுத்த விநாடி இன்னொரு 'ஹை', அதை அனுப்ப மறுபடி ரேடியோ. அளக்கும் கோலே அளவைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பாழான இரவுதான் முதல் துப்பைக் கொடுத்தது. மறுநாளிலிருந்து யுஎஸ்பி கேபிளில் மடிக்கணினிக்கு நேராகப் பதிவு.

மூன்று இரவுகளில் கதவு எட்டு முறை திறந்தது. ஐந்து முறை அதற்கு முன்பே விளக்கு எரிந்திருந்தது, மூன்று முறை எரியவில்லை. ஆளே இல்லாமல் எரிந்தது 38 முறை. அந்த 38-ஐ நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது 19 தடவை ரேடியோ எழுந்து இரண்டு விநாடிக்குள் வந்திருந்தது. 11 தடவை விளக்கு அணைந்த மறுவிநாடி. ஆறு, காலை 6.40-க்கும் 7.10-க்கும் இடையே. இரண்டுக்கு மட்டும் காரணம் சொல்ல முடியவில்லை.

ஒரே கோளாறு என்று நான் ஒரு வாரமாகத் திருகிக்கொண்டிருந்தது நான்கு தனித்தனிக் கோளாறுகள்: வெற்று எரிதலில் மூன்று வகை, அப்பாவைத் தவறவிட்டது ஒன்று.

ரேடியோ

லென்ஸ் வழியா, கம்பி வழியா என்று பார்க்க எளிய வழி லென்ஸை மூடுவது. கையில் அகப்பட்ட எவர்சில்வர் டம்ளரை மாட்யூலின்மேல் கவிழ்த்தேன். பத்து நிமிட எரிதல்கள் சட்டென்று நின்றுபோயின. அப்படியானால் வெப்பம்தான் என்று எழுதியும் வைத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, டம்ளர் உலோகம். வெப்பத்தை மட்டுமா மறைக்கும், ரேடியோ அலையையும் சேர்த்தல்லவா மறைக்கும்? டம்ளரை எடுத்துவிட்டு கனமான அட்டைப்பெட்டியால் மூடினேன். அட்டை வெப்பத்தை மறைக்கும், ரேடியோவைத் தாராளமாக விடும். வெற்று எரிதல்கள் திரும்பி வந்துவிட்டன. மூடியிருக்கும்போதே எரிகிறது என்றால் லென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உறுதிசெய்ய ஓர் இரவு ரேடியோவை முழுக்க அணைத்து வைத்தேன். இந்த வகை ஒன்றுகூட வரவில்லை.

பெட்டிக்குள் ஈஎஸ்பி8266-ன் ஆன்டெனா பிஐஆர் போர்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டரில் இருந்தது. ரேடியோ அனுப்பும்போது அந்த சிப் 170 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், அதுவும் விட்டு விட்டு. ஆன்டெனாவிலிருந்து வரும் அலை, மின் இணைப்பில் ஏற்படும் தள்ளாட்டம் என இரண்டுமே அந்தப் பெரும் பெருக்கத்துக்குள் நுழைய வழி இருந்தது.

செய்த மாற்றம் இரண்டு. பிஐஆரைப் பெட்டியிலிருந்து பிரித்து, மூன்று கம்பிகளையும் முறுக்கி 60 சென்டிமீட்டர் தள்ளிக் கொண்டுபோனேன். அடுத்து, அதன் 5 வோல்ட் இணைப்பில் 1 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, மாட்யூலின் கால்களிலேயே 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் சால்டர் செய்தேன். 1 கிலோஓம் என்றதும் சிலருக்கு மின்னழுத்தம் விழுந்துவிடுமே என்று தோன்றும். இந்த மாட்யூல் சும்மா இருக்கும்போது இழுப்பது 65 மைக்ரோஆம்பியர் அளவு. 1 கிலோஓமில் அது விழவைப்பது 0.065 வோல்ட். கிட்டத்தட்ட 4.9 வோல்ட் மிச்சம் இருக்கிறது. பதிலுக்குக் கிடைக்கும் வடிகட்டியின் நேர மாறிலி, அதாவது அது மாற்றங்களை எவ்வளவு மெதுவாக்கும் என்பதன் அளவு, அரை விநாடிக்குக் கிட்டே. மாட்யூல் கவனித்துக் கேட்பதே விநாடிக்குப் பத்து அலைவுகளுக்குக் கீழேயுள்ள மெதுவான அசைவுகளைத்தான், அதனால் வடிகட்டியும் இப்படி மெதுவானதாக இருந்தால்தான் பயன். வெறும் 0.1 மைக்ரோஃபாரட்டை ஒட்டிவிட்டு 'கெபாசிட்டர் போட்டும் பலனில்லை' என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இதே இடத்தில் ஏஎம்312 என்ற சிறிய மாட்யூலையும் வைத்துப் பார்த்தேன். அதில் பெருக்கமும் முடிவெடுப்பதும் உலோக டப்பாவுக்குள்ளேயே நடந்துவிடுவதால், ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்தும் அசையவில்லை. தூரம் குறைவு, 3 முதல் 5 மீட்டர். திருகுகளும் கிடையாது. வைஃபை போர்டோடு ஒரே பெட்டிக்குள் பிஐஆர் வைத்தே ஆக வேண்டும் என்றால் நான் இனி அதைத்தான் எடுப்பேன்.

அணைந்த மறுவிநாடி

இந்தக் கோளாறு என்னுடைய புரோகிராமிலேயே இருந்தது. இதைக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷம் வேறு எதிலும் வரவில்லை.

விளக்கு 60 விநாடி எரிகிறது, அணைகிறது, உடனே மறுபடி எரிகிறது. சில சமயம் நான்கைந்து சுற்று. எல்இடி ஸ்ட்ரிப்பின் கம்பியைக் கழற்றிவிட்டு மற்றதை எல்லாம் அப்படியே ஓடவிட்டேன். ஒன்றுகூட வரவில்லை. ஸ்ட்ரிப்புக்குத் தனி அடாப்டர் கொடுத்தேன், அப்போதும் வரவில்லை. மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை 5 வோல்ட் இணைப்பில் வைத்தால், ஸ்ட்ரிப் அணையும் அந்தக் கணத்தில் கோடு ஒரு துள்ளு துள்ளி அடங்குவது தெரிந்தது. சுமை சட்டென்று விலகியதும் அடாப்டர் தடுமாறுகிறது, அதைப் பக் கன்வர்ட்டரும் முழுக்கத் தடுக்கவில்லை.

ஆனால் இந்த மாட்யூலை வடிவமைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்கிறார்கள். பிஐஎஸ்எஸ்0001 சிப்பில் 'தடை நேரம்' என்று ஒன்று உண்டு. வெளியீடு 'லோ'வுக்கு இறங்கியதும் இரண்டரை விநாடி அளவுக்கு அது எதையும் கேட்காது. சுமை அணையும்போது வரும் இரைச்சலில் ஏமாறாமல் இருப்பதற்கே அந்த நேரம். மாட்யூலின் வெளியீடே விளக்கை நடத்தினால் இரண்டும் ஒன்றாக இறங்கும், பாதுகாப்பும் சரியாக வேலை செய்யும். நானோ மாட்யூலின் நேரத் திருகை மிகக் குறைவில் வைத்துவிட்டு, 60 விநாடிக் கணக்கைப் புரோகிராமில் எடுத்துக்கொண்டேன். மாட்யூல் எப்போதோ 'லோ' ஆகி, தடை நேரமும் முடிந்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அப்போதுதான் என் புரோகிராம் விளக்கை அணைக்கிறது. அந்தப் பாதுகாப்பை நான்தான் அறியாமலே கழற்றிப் போட்டிருக்கிறேன்.

நேரக் கணக்கைப் புரோகிராமில் வைப்பவர்கள் ஏராளம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் அப்படிச் செய்தால் தடை நேரத்தையும் புரோகிராமே எடுத்துக்கொள்ள வேண்டும். விளக்கை அணைத்த பின் நான்கு விநாடிக்குப் பிஐஆர் பின்னைப் பார்க்காதே என்று ஒரு வரி சேர்த்தேன். மேலே சொன்ன வடிகட்டியும் கைகொடுத்தது. இந்த வகை அதோடு முடிந்தது. நான்கு விநாடியில் அப்பா இருட்டில் மாட்டிக்கொள்ள மாட்டாரா என்று கேட்கலாம். கடைசி அசைவிலிருந்து ஒரு நிமிடம் கழித்துத்தான் அணைகிறது என்பதால், அந்த நேரத்தில் அவர் நடைவழியில் நடந்துகொண்டிருக்க வாய்ப்பு குறைவு.

காலைத் திரை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அட்டையால் மூடினால் இந்த வகை நின்றது. ஆக லென்ஸ் வழிதான். காலை 6.40-க்கு நடைவழியில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக வெயில் வந்து படுக்கையறைத் திரையில் விழுகிறது, மின்விசிறிக் காற்றில் திரை வெயிலுக்கும் நிழலுக்குமாக ஆடுகிறது. வெதுவெதுப்பான பெரிய துணி ஒன்று கீற்றுகளைக் குறுக்கே கடந்துகொண்டே இருந்தால் சென்சார் சும்மா இருக்குமா? அந்தத் திசையைப் பார்க்கும் லென்ஸ் கட்டங்களின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒட்டினேன். எந்தக் கட்டம் எந்தத் திசை என்பதை ஒவ்வொன்றாக மூடி, நடந்து நடந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

அப்பாவைத் தவறவிட்ட இரவுகள்

உண்மையில் முக்கியமான கோளாறு இதுதான். வெற்றாக எரியும் விளக்கு தூக்கத்தைக் கெடுக்கும். எரிய வேண்டியபோது எரியாத விளக்கு ஆளைக் கீழே தள்ளிவிடும்.

மூன்று தவறல்களில் இரண்டு, டிஎச்டி22 31 டிகிரிக்கு மேல் காட்டிய இரவுகளில் நடந்தவை. சுவரும் தரையும் 31 டிகிரியில் இருந்தால், 34 டிகிரித் தோலுக்கும் பின்னணிக்கும் இடைவெளி மூன்றே டிகிரி. உடையின் மேற்பரப்பு அதைவிடக் குறைவு. சென்சாருக்கு இடைவெளிதான் சாப்பாடு. வெக்கையான இரவில் பிஐஆரின் தூரம் சுருங்குவது அதன் இயல்பு.

ஆனால் பெரிய தப்பு நான் மாட்டிய இடத்தில் இருந்தது. கழிவறைக் கதவுக்கு மேலே, நடைவழியை நீளவாக்கில் பார்த்தபடி. அப்பா சென்சாரை நோக்கி நேராக வருகிறார். நேராக வரும் ஆள் கீற்றுகளைத் தாண்டுவதில்லை, ஒரே கீற்றுக்குள் மெல்லப் பெரிதாகிறார். இரண்டு சில்லுகளிலும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறுகிறது. போதாததற்கு அவர் நடை மெதுவானது. தரையில் காலைத் தேய்த்துத் தேய்த்து, ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு வருவார். அவ்வளவு மெதுவான மாற்றத்தைப் பெருக்கியின் வடிகட்டி வெட்டிவிடும்.

நானே அவரைப் போல நடந்து பார்த்தேன். விளக்கை அணைத்து, சுவரில் கை வைத்து, அரை அடி அரை அடியாக. பகலில் என் வேகத்தில் ஐந்து மீட்டரிலேயே பிடித்த அதே சென்சார், இப்போது நான் இரண்டு மீட்டருக்குள் வந்த பிறகுதான் பிடித்தது. என் நடையை வைத்துச் சோதித்துவிட்டு அவருக்கு விளக்கு செய்திருக்கிறேன். அந்த நான்கு மீட்டர் இருட்டில் நின்றபோது எனக்கு மனசே சரியில்லை.

சென்சாரைப் படுக்கையறை வாசலுக்கு அடுத்த பக்கச் சுவருக்கு மாற்றினேன், தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில், நடைவழியின் குறுக்கே பார்க்கும்படி. வாசலைத் தாண்டி முதல் அடி வைத்ததுமே வெறும் கால்கள் கீற்றுகளைக் குறுக்காகக் கடக்கும். உடை மறைக்காத தோல், மிகக் கிட்டத்தில். மெதுவாக நடந்தாலும் கிட்டத்தில் கீற்றுகள் ஒடுக்கமானவை என்பதால் மாற்றம் போதிய வேகத்தில் வருகிறது. மாட்யூலை 90 டிகிரி திருப்பி வைத்தும் பார்த்தேன், ஒரு நிலையில் தெளிவாக நன்றாகப் பிடித்தது. சில்லுகள் அடுத்தடுத்து நிற்கும் கோடும் ஆள் நடக்கும் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். மாட்டுவதற்கு முன் இரண்டு நிலையிலும் சோதித்துவிடுவது நல்லது.

இடம் மாறியதும் உணர்திறன் திருகை நடுவுக்குக் கொண்டுவந்தேன், ஆள் இரண்டு மீட்டருக்குள்தானே வருகிறார். 'இரண்டு முறை ஹை வந்தால்தான்' என்ற விதியை அழித்துவிட்டேன். மாட்யூலின் இயங்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் 'எச்' நிலையில், அதாவது அசைவு தொடரும்வரை வெளியீடு நீளும்படி இருக்கிறது. இணைப்புகளைத் திரும்பச் செய்யும்போது அவசரத்தில் பிஐஆர் கம்பியை ஈஎஸ்பி போர்டின் ஜிபிஐஓ 0 என்ற பின்னில் போட்டுவிட்டேன். பிஐஆர் 'லோ'வில் இருக்க ஈஎஸ்பி8266 புரோகிராம் ஏற்றும் நிலையிலேயே விழித்தெழுந்து, அரை மணி நேரம் ஓடவில்லை. ஜிபிஐஓ 14-க்கு மாற்றியதும் சரி.

பிறகு

பதினான்கு இரவுகள் பதிவைத் தொடர்ந்தேன். கதவு 37 முறை திறந்தது. 36 முறை விளக்கு முன்பே எரிந்திருந்தது.

தவறிய அந்த ஒன்று மின்சாரம் போய்த் திரும்பி வந்த அரை நிமிடத்தில் நடந்தது. மின்சாரம் கிடைத்ததும் இந்த மாட்யூல் நிலைகொள்ள ஒரு நிமிடம் ஆகும், அதற்குள் ஓரிரு முறை வெறுமனே 'ஹை'யும் கொடுக்கும். அதனால் தொடங்கிய முதல் 60 விநாடி பிஐஆரைப் பார்க்காதே என்று எழுதியிருந்தேன். அந்த நிமிடத்தில் விளக்கு அணைந்திருந்தது. சென்சாருக்குக் கண் தெரியாத நேரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருப்பதுதான் நியாயம். இப்போது மின்சாரம் வந்ததும் முதல் நிமிடம் முழுக்க விளக்கு எரிகிறது.

ஆளில்லாமல் எரிந்தது மொத்தம் மூன்று முறை. ஒன்றில் எழுந்து போய்ப் பார்த்தேன், குமிழின்மேல் ஒரு குட்டி வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் அதுவும் ஓர் ஆள் மாதிரிதான். மற்ற இரண்டுக்கு எதுவும் புலப்படவில்லை, அவை மேலே சொன்ன மூன்று வகை வெற்று எரிதலில் எதிலும் சேரவில்லை.

தீராத ஒன்று இருக்கிறது. திரும்பி வரும்போது அப்பா சில நாள் நடைவழியில் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அசையாமல் உட்கார்ந்தவர் பிஐஆருக்கு இல்லாதவர், சில்லுகளில் மாற்றமே இல்லையே. 60 விநாடியை நான்கு நிமிடமாக்கினேன். பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. அசையாத ஆளையும் உணரும் 24 கிகாஹெர்ட்ஸ் எல்டி2410 ரேடார் மாட்யூல் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன், நாற்காலிக்கு எதிரே மாட்ட வேண்டும்.

அதுவரைக்கும் அப்பாவே ஒரு வழி வைத்திருக்கிறார். போன வாரம் ஒரு ராத்திரி சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். நடைவழி இருட்டாக இருந்தது, அவர் நாற்காலியில் இருந்தார். நான் சுவிட்சுக்குப் போவதற்குள், "இரு இரு, போடாதே" என்று சொல்லிவிட்டு, முழங்கால் உயரத்தில் இருந்த குமிழை நோக்கிக் கையை நீட்டி, இடமிருந்து வலமாக ஒருமுறை வீசினார். விளக்கு எரிந்தது.

"நேரா நீட்டினா எரியாது. குறுக்கால வீசணும்," என்றார்.